ஏழாவது சேமிப்பு: 35 வருடத்துக்கு முந்தைய ஃப்ளாப்பியைப் படித்த அனுபவம்

போன ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு மேல், கிங்ஸ் குவெஸ்ட் என்ற பழைய கணினி விளையாட்டில் நாங்கள் சேமித்து வைத்திருந்த அந்த ஏழாவது கோப்பு திறந்தது. ஆம்பர் நிறத் திரையில் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்), பாலத்துக்கு அப்பால், விளையாட்டின் நாயகன், தொப்பி வைத்த கிரஹாம் நின்றுகொண்டிருந்தான். எதிரே குள்ளன். 1990ல் நானும் அண்ணனும் விட்டுவிட்டுப் போன அதே இடம். இதற்காக மூன்று மாதம், ஏழாயிரம் ரூபாய், இரண்டு முறை சென்னைப் பயணம். நடுவில் ஒரு ஃப்ளாப்பியை, அதாவது அந்தக் காலத்துக் காந்தச் சேமிப்பு வட்டை, நானே கெடுத்தும் விட்டேன். யாராவது பழைய பெட்டியிலிருந்து இப்படி எடுக்க நினைத்தால் உதவும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி. பெரியப்பா தஞ்சாவூர் மேல வீதியில் ஆடிட்டராக இருந்தார். அலுவலகத்தில் எண்பதுகளின் ஐ.பி.எம். எக்ஸ்.டி. வகைக் கணினி ஒன்று. 640 கேபி நினைவகம், இரண்டு 360 கேபி ஃப்ளாப்பி டிரைவ், ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஆம்பர் நிறத்தில் எழுத்து தெரியும் மானிட்டர். வாரநாளில் லோட்டஸ் நிரலில் கணக்கு, வேர்ட்ஸ்டார் நிரலில் கடிதம். ஞாயிற்றுக்கிழமை சாவி அண்ணன் கையில். அண்ணன் என்றால் பெரியப்பா மகன், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவர் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் யாரோ படியெடுத்துக் கொடுத்த கிங்ஸ் குவெஸ்ட் எங்களுக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்குத் தெரிந்த எல்லா விளையாட்டும் அப்படிப் படியெடுத்து வந்தவைதான்.

ஐ.பி.எம். தன்னுடைய பி.சி.ஜூனியர் கணினிக்காகக் கேட்டு, ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்து, சியரா நிறுவனம் 1984ல் வெளியிட்ட விளையாட்டு அது. அதற்கு முன்பு சாகச விளையாட்டு என்றால் பெரும்பாலும் வெறும் எழுத்து, இல்லையென்றால் அசையாத படம். இதில் மனிதன் நடந்தான், மரத்துக்குப் பின்னால் போனால் மறைந்தான். அம்புக்குறி விசையால் நடக்க வைத்து, என்ன செய்யவேண்டும் என்பதை ஆங்கிலத்தில் தட்டவேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு, தமிழ் வழி. பக்கத்தில் லிப்கோ அகராதி திறந்தே கிடக்கும். ஒரு பொருளுக்கு அந்த விளையாட்டு எதிர்பார்க்கும் சொல் எது என்று தேடித்தேடி நான் கற்ற ஆங்கிலம், பள்ளியில் கற்றதைவிட அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன்.

தொடங்கியதும் கோட்டை அகழிக்குப் பக்கத்தில்தான் நிற்போம். கொஞ்சம் தள்ளி நடந்தால் தண்ணீரில் விழுந்து முதலைக்கு இரை. முதல் ஞாயிறு முழுக்க முதலைதான் தின்றது. அன்றுதான் அண்ணன் எஃப் 5 விசையைக் கண்டுபிடித்தார். அதை அழுத்தினால் விளையாட்டு நின்ற நிலையை ஃப்ளாப்பியில் எழுதிக்கொள்ளும். எஃப் 7 அழுத்தினால் அங்கேயே திரும்பலாம். மொத்தம் 12 இடம், ஒவ்வொன்றுக்கும் நாமே ஒரு பெயர் வைக்கலாம். ஏ டிரைவில் விளையாட்டு, பி டிரைவில் எங்கள் சேமிப்பு. நான் தேடியது அந்த பி டிரைவ் ஃப்ளாப்பியை. விளையாட்டு இன்று எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நாங்கள் பெயர் வைத்துச் சேமித்த அந்த ஏழு இடங்கள் உலகத்தில் அந்த ஒரு ஃப்ளாப்பியில்தான் இருந்தன.

சித்திரையில் பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டிக்குள், வருமான வரிப் படிவக் கட்டுகளுக்கு அடியில், ஃப்ளாப்பி டப்பா ஒன்று கிடைத்தது. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகள் ஒன்பது. ஒன்றில் பென்சிலால் "கடிதம் + கிங்" என்று அண்ணன் கையெழுத்து. உறையின் ஓட்டை வழியாகப் பார்த்தால் கறுப்பு வட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

இதைப் படிக்க மூன்று பொருள் வேண்டும்: ஐந்தேகால் அங்குல டிரைவ், அதை இன்றைய கணினியோடு யு.எஸ்.பி. வழியே இணைக்கும் பலகை, 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தரும் மின்சாரம். பலகைக்குக் கிரீஸ்வீசல் என்று பெயர். காந்தப் புலம் எங்கெங்கே மாறுகிறது என்பதை அப்படியே பதிவு செய்து, அதிலிருந்து தரவைப் பிரித்துக் கொடுக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததில் சுங்கமும் சேர்ந்து 4,200 ரூபாய் ஆனது.

டிரைவுக்காகத் திருச்சியிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் முறை போனபோது பத்துப் பன்னிரண்டு கடைகளில் கேட்டும் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் மட்டும், "பழைய இரும்புக்கு எடுக்கிறவங்ககிட்ட சொல்லி வைக்கிறேன், நம்பர் குடுங்க" என்றார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். இரண்டாம் முறை போய் வாங்கியது 1.2 எம்பி டிரைவ், 1,200 ரூபாய், ஓடுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனக்கு வேண்டியது 360 கேபி டிரைவ். இதிலும் படிக்கலாம் என்று தெரிந்ததால் வாங்கினேன். இதில் உள்ள சிக்கல் பின்னால் வரும்.

டிரைவைத் திறந்தால், வட்டைப் படிக்கும் தலை நகரும் தண்டுகளில் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தேன். எட்டுக் குச்சி மஞ்சளானது. பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு தண்டுக்கும் ஒரே ஒரு சொட்டு. விரலால் தள்ளியபோது தலை கடைசிவரை தடையில்லாமல் போய் வந்தது. ஆல்கஹால் ஒரு லிட்டர் 420 ரூபாய். 99 சதவீதத்துக்கு மேல் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைப்பதில் தண்ணீர் அதிகம் கலந்திருக்கும்.

மின்சாரத்துக்குப் பழைய கணினியின் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி, 350 ரூபாய். தாய்ப்பலகை இல்லாமல் அதை ஓடவைக்க, பெரிய பிளக்கில் பச்சைக் கம்பியையும் ஏதாவதொரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் போதும். மல்டிமீட்டரில் மஞ்சள் 12.1, சிவப்பு 5.05 வோல்ட். இதை அளக்காமல் டிரைவில் செருகவே கூடாது.

கேபிளில்தான் முதல் தப்பு. சின்ன ஃப்ளாப்பிக்கான 34 கம்பிக் கேபிள் எளிதில் கிடைக்கிறது. ஐந்தேகால் டிரைவின் பின்பக்கம் வேறு மாதிரி. பலகையின் ஓரமே பிளக், அதன் மேல் கவ்விக்கொள்ளும் இணைப்பான் வேண்டும். இணைப்பானை 180 ரூபாய்க்கு வாங்கி, மேசை இடுக்கியில் வைத்து நானே கேபிளோடு அழுத்திப் பொருத்தினேன். செருகினால் டிரைவ் விளக்கு எரிந்தபடியே இருக்கிறது, அணையவே இல்லை. டிரைவ் போய்விட்டது என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். விளக்கு விடாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ் என்று அர்த்தம். சிவப்புக் கோடு போட்ட கம்பி முதல் ஊசிப் பக்கம் வரவேண்டும், நான் அழுத்தியது மறுபுறம். பிரித்துத் திருப்பிப் பொருத்தியதும் விளக்கு அணைந்தது.

அடுத்தது படிப்பது. ஒன்பதில் சுத்தமாக இருந்தது "லோட்டஸ்" என்று எழுதிய ஒன்று. இழந்தாலும் வருத்தமில்லாததை முதலில் போட்டது நான் செய்த நல்ல காரியம். ஒரு 360 கேபி ஃப்ளாப்பியில் 40 தடம் (வட்டைச் சுற்றி ஓடும் வளையங்கள்), இரண்டு பக்கம், தடத்துக்கு 9 பிரிவு. ஆக 720 பிரிவு, ஒவ்வொன்றிலும் 512 பைட். படித்து முடித்ததும் வந்த கணக்கு: 720ல் 18.

பதினெட்டு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதும் ஒன்பதும். அதாவது முதல் தடத்தின் இரண்டு பக்கமும் சரியாக வந்திருக்கின்றன, மற்ற எதுவும் வரவில்லை. நான் வாங்கியது 80 தட டிரைவ். அதே அகலத்தில் இரண்டு மடங்கு தடம், அதனால் அதன் தலை ஒரு அடி எடுத்து வைத்தால் பாதி தூரம்தான் நகரும். 40 தட ஃப்ளாப்பிக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு அடி வைக்கச் சொல்லவேண்டும். கட்டளையில் ஸ்டெப் என்பதை 2 ஆக்கியதும் 720க்கு 720. பெரியப்பாவின் 1989-90 கணக்குப் பட்டியல் முழுவதும் திரையில் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பெரிய தப்பு நடந்தது. அடுத்து விளையாட்டு ஃப்ளாப்பியை எடுத்தேன். அதில் பூசணம் கொஞ்சம்தான் தெரிந்தது. அப்படியே போட்டேன். மூன்று நொடியில் உள்ளே மணல் தாளில் தேய்ப்பது மாதிரி சத்தம். உடனே மின்சாரத்தை நிறுத்தி எடுத்துப் பார்த்தால், வட்டின் வெளி ஓரத்தில் முழு வளையமாகக் கீறல், கறுப்புப் பூச்சு போய் அடியில் உள்ள பிளாஸ்டிக் தெரிகிறது. வெளி ஓரம்தான் முதல் தடம். கோப்புகளின் பட்டியலும் எது எங்கே என்ற அட்டவணையும் அங்கேதான் இருக்கும். அந்த ஃப்ளாப்பி அவ்வளவுதான். தலையைப் பார்த்தால் பழுப்பாக மாவு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் அடுத்ததைப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனது வேறு இடத்தில் கிடைக்கும் விளையாட்டுதான். ஆனால் கையில் எடுத்த வரிசை மாறியிருந்தால் போனது "கடிதம் + கிங்" ஆக இருந்திருக்கும். பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால், எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும், கழுவாமல் டிரைவில் போடாதீர்கள்.

கழுவுவதை முதலில் பழகிப் பார்க்கவேண்டும் என்று பழைய வெற்று ஃப்ளாப்பிகள் ஒரு டப்பா வாங்கினேன், 600 ரூபாய். அவற்றின் உறைகளும் பின்னால் தேவைப்பட்டன. செய்முறை இது. உறையின் மேல் ஓரத்தை பிளேடால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவினால் உறை பை மாதிரி திறக்கும். உள்ளே இருக்கும் வட்டை நடு ஓட்டையில் விரல் விட்டு வெளியே எடுக்கலாம். காந்தப் பரப்பில் விரல் படக்கூடாது. முகத்துக்கு முகமூடி கட்டாயம், பூசணத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது.

ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு. வட்டைத் தண்ணீருக்குள் வைத்தே, நனைந்த மிருதுவான பஞ்சால், அழுத்தாமல், வட்டப் பாதையில் துடைக்கவேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்காக இழுக்கக்கூடாது. வெள்ளைப் புள்ளிகள் கரைவது கண்ணுக்குத் தெரியும். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசல். அது ஐந்து லிட்டர் கேன் 90 ரூபாய். குழாய்த் தண்ணீரில் அலசினால் உப்புப் படியும், எங்கள் தெருத் தண்ணீரில் நிச்சயம் படியும். நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டு, மின்விசிறியில் ஒரு இரவு. வெயிலில் வேண்டாம்.

மூன்று வெற்று வட்டில் பழகிய பிறகு "கடிதம் + கிங்". கழுவும்போது கை நடுங்கியது. மறுநாள் காய்ந்ததும் புது உறையில் போட்டு, தலையைத் துடைத்து, டிரைவில் வைத்துப் படித்தேன். சத்தம் எதுவும் இல்லை, மெத்தென்று சுற்றியது. முடிவு: 720ல் பூஜ்யம்.

கழுவியே அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது: வட்டை எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று குறிக்காமல் எடுத்திருக்கிறேன். வட்டைத் திருப்பிப் போட்டால் மேல் பக்கம் கீழ்ப் பக்கமாகும், அதோடு தரவு பின்னோக்கி ஓடும். அப்படி எழுதியதைப் படிக்க முடியாது. வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டேன். 689.

இந்த எண்ணைக் கண்டதும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இனி செய்யப்போகிறவர்கள், வட்டை வெளியே எடுக்கும் முன்பே நடு ஓட்டையை ஒட்டி, தரவு இல்லாத உள் வளையத்தில், மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

689லிருந்து மேலே ஏற இரண்டு மாலை ஆனது. ஒவ்வொரு முறை படித்த பிறகும் தலையில் மெல்லிய கறை தெரிந்தது. துடைத்துத் துடைத்துப் படித்ததில் 712. பிடிக்காத பிரிவை மறுபடி முயலும் எண்ணிக்கையை 10 ஆக்கியதில் 717. அதற்கு மேல் போகவில்லை. மூன்று பிரிவு மட்டும் எத்தனை முறை கேட்டாலும் வரவில்லை.

அந்த மூன்றும் எந்தக் கோப்பில் என்று பார்க்கவேண்டும். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. 0 முதல் எண்ணினால் 23ஆம் தடம், இரண்டாம் பக்கம், 4, 5, 6 என்ற பிரிவுகள். வட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 426, 427, 428. முதல் 12 பிரிவு நிர்வாகத்துக்கு: தொடக்கப் பிரிவு 1, அட்டவணை இரண்டு பிரதிக்கு 4, கோப்புப் பட்டியலுக்கு 7. மீதியை இரண்டிரண்டு பிரிவாகக் கட்டி, 2லிருந்து எண் கொடுப்பார்கள். 426லிருந்து 12 கழித்து, 2ஆல் வகுத்து, 2 கூட்டினால் 209. அடுத்தது 210. அட்டவணையில் 209ஐயும் 210ஐயும் பின்தொடர்ந்தால் அவை ஒரு வேர்ட்ஸ்டார் கடிதத்தின் நடுப்பகுதி. கிங்ஸ் குவெஸ்ட் சேமிப்புகள் ஏழும் முழுசாக இருந்தன.

கடிதத்தையும் திறந்து பார்த்தேன். வேர்ட்ஸ்டார் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும், அதனால் சொல் முடிவெல்லாம் விநோதக் குறியாகத் தெரியும். அந்தப் பிட்டை இறக்கியதும் பெரியப்பாவின் ஆங்கிலம் தெளிவாக வந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு, ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி அனுப்பும்படி பொறுமையாக விளக்கியிருக்கிறார். நடுவில் இரண்டு பத்தி இல்லை. மன்னிக்கவும் பெரியப்பா.

இப்போது சேமிப்புகள். விளையாட்டைத் திறக்காமலே, கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் நிரலில் பார்த்தேன். சியராவின் அந்தக் கால விளையாட்டுகளில் சேமிப்புக் கோப்பின் முதல் 31 பைட் நாம் வைத்த பெயர். ரோமன் எழுத்தில் அண்ணன் தட்டிய தமிழ் வரிசையாக நின்றது: முதலை. கல் தள்ளியாச்சு. ஆடு வந்துடுச்சு. சூனியக்காரி செத்தா. பாலம். குள்ளன். பெயர் தெரியல.

எல்லாம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. பாறையைத் தவறான பக்கம் நின்று தள்ளினால் அது நம்மேலேயே உருளும், சரியான பக்கம் நின்று தள்ளினால் அடியில் கத்தி. ஆட்டுக்கு கேரட் காட்டினால் பின்னாலேயே வரும், பாலத்தில் நிற்கும் பூதத்தை முட்டித் தள்ளும். அந்த ஆடு முட்டியபோது நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு மாமி மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

தேதியைப் பார்த்தேன். ஏழு கோப்புக்கும் 1980 ஜனவரி 1. அந்தக் கணினியில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. தொடங்கும்போது தேதி கேட்கும், நாங்கள் பொறுமையில்லாமல் என்டரைத் தட்டுவோம். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்கு 1980 ஜனவரி 1, நள்ளிரவில் தொடங்கியது. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு நேரத்தைக் கவனித்தேன். நள்ளிரவிலிருந்து எண்ணுவது என்றால், கணினியைப் போட்டு எத்தனை நிமிடத்தில் சேமித்தோம் என்பதுதான் அந்த நேரம். முதலை: 0.22. கல்: 1.51. ஆடு: 0.37, அப்படியென்றால் அது வேறொரு ஞாயிறு. சூனியக்காரி: 2.40. பாலம்: 0.18, குள்ளன்: 0.44. பெயர் தெரியல: 3.48. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல். குறைந்தது மூன்று ஞாயிறு. எந்த மாதம் என்று இனி யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி நாளில் நாங்கள் அந்தக் குள்ளன் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று நிமிடக் கணக்காகத் தெரிகிறது.

விளையாட்டை இணையத்தில் முறையாக விலை கொடுத்து வாங்கினேன். ஸ்கம்விஎம் என்ற நிரலில் போட்டு ஓட்டினேன். நன்றாக ஓடியது, ஆனால் ஏழு சேமிப்பும் பட்டியலில் வரவில்லை. பெயரை மாற்றி, இடத்தை மாற்றி ஒரு மாலை போனது. ஸ்கம்விஎம் விளையாட்டின் தரவை எடுத்துக்கொண்டு தன் சொந்த எஞ்சினில் ஓட்டுகிறது. சேமிப்பும் அதன் சொந்த வடிவம், சியராவின் மூலக் கோப்பை அது படிக்காது. மூல நிரலையே ஓட்டவேண்டும் என்றால், பழைய கணினி மாதிரியே நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரல்தான். சேமிப்புக் கோப்புகளை ஒரு அடைவில் போட்டு அதை பி டிரைவாக இணைத்தேன். எஃப் 7 அழுத்தியதும் விளையாட்டு எந்த டிரைவ் என்று கேட்டது. பி என்று தட்டினேன். ஏழும் வரிசையாக வந்தன.

இன்னொன்று மட்டும் உறுத்தியது. திரை வண்ணமாக இருந்தது. பச்சைப் புல், நீல ஆறு, கிரஹாமுக்குச் சிவப்புச் சட்டை. 16 வண்ணத்தில் இந்த விளையாட்டை நான் முதன்முதலாகப் பார்ப்பது இப்போதுதான். கதை நடக்கும் டேவென்ட்ரி ராஜ்யம் எங்களுக்கு முழுக்க ஆம்பர் நிறம், நிழலெல்லாம் புள்ளி புள்ளியாக. டாஸ்பாக்ஸ் அமைப்பில் இயந்திர வகையை ஹெர்குலிஸ் (ஒரே நிறத் திரைக்கான பழைய அட்டை) என்று மாற்றி, எஃப் 11ஐ அழுத்தி ஆம்பருக்குக் கொண்டுவந்தேன். வேகத்தை 300 சுழற்சிக்கு இறக்கினேன், அது ஏறக்குறைய அந்த எக்ஸ்.டி.யின் வேகம். ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போகும்போது அந்த இடைவெளி திரும்பி வந்தது. அந்த நேரத்தில்தான் அண்ணன், "அடுத்து என்ன இருக்கும் சொல்லு" என்று கேட்பார்.

ஏழாவதை நான் தனியாகத் திறக்கவில்லை. அண்ணனைத் தஞ்சாவூரிலிருந்து வரச் சொன்னேன். இரவுச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். ஆம்பர் திரையைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

குள்ளன் தன் பெயர் என்ன என்று கேட்பான். மூன்று முறை சொல்லலாம். சூனியக்காரி வீட்டில் கிடைக்கும் சீட்டில், சில நேரம் பின்னோக்கி யோசிப்பது நல்லது என்று ஒரு குறிப்பு. 1990ல் நாங்கள் விளையாட்டில் வரும் மன்னர் எட்வர்டின் பெயரைத் திருப்பி எழுதினோம், கிரஹாமைத் திருப்பி எழுதினோம், அகராதியில் இருந்த பூதப் பெயர்களையெல்லாம் திருப்பினோம். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில், வைக்கோலைப் பொன்னாக நூற்கும் ஒரு குள்ளன் உண்டு, பெயரைக் கண்டுபிடி என்பான். அந்த நாட்டுப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதை. எங்களுக்கு அந்தக் கதையை யாரும் சொன்னதில்லை. என் மகளுக்குப் படித்துக்காட்ட வாங்கிய படப் புத்தகத்தில்தான் நான் அவனைப் பார்த்தேன். அன்றே அண்ணனுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை, சேர்ந்து உட்கார்ந்து தட்டவேண்டும் என்று வைத்திருந்தேன்.

"ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின், அண்ணே. ஆனா பேரைத் திருப்பினா ஆகாது. எழுத்து வரிசையையே திருப்பணும். ஏ இருக்கிற இடத்துல இசட், பி இருக்கிற இடத்துல ஒய்."

அவர் மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் 26 எழுத்தை மேலே நேராகவும் கீழே தலைகீழாகவும் எழுதினார். ஆருக்கு ஐ. யூவுக்கு எஃப். எம்முக்கு என். ஒவ்வொன்றாக அவர் சொல்ல, நான் தட்டினேன். ஐ, எஃப், என், கே, ஓ, வி, எச், ஜி, ஆர், ஓ, ஜி, எச், பி, ஆர், எம். பதினைந்து எழுத்து. "என்டர நான் தட்டுறேன் தம்பி" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டார்.

குள்ளன் மந்திர அவரை விதைகளைக் கொடுத்தான்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். டிரைவ், பலகை, இணைப்பான், எஸ்.எம்.பி.எஸ்., ஆல்கஹால், டிஸ்டில்டு வாட்டர், வெற்று ஃப்ளாப்பி எல்லாம் சேர்த்து 7,040 ரூபாய். ரயில் செலவும் விளையாட்டு வாங்கிய காசும் தனி. மறுபடி செய்வதென்றால் முதலில் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் டிரைவுக்கு மின்சாரமே கொடுப்பேன், ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கு நடுவிலும் தலையைத் துடைப்பேன், புள்ளி வைப்பேன். மீதி ஆறு ஃப்ளாப்பி இன்னும் இருக்கிறது, அவற்றை அப்படித்தான் செய்யப்போகிறேன்.

அன்று படுக்கப் போகும் முன் அண்ணன் எஃப் 5 அழுத்தி, எட்டாவது இடத்தில் "பெயர் தெரிஞ்சுது" என்று தட்டினார். மறுநாள் காலையில் பி டிரைவின் பட்டியலைப் பார்த்தேன். ஏழு கோப்பு, 1980 ஜனவரி 1. எட்டாவதில் முந்தைய நாளின் தேதி, இரவு 11.52.